சாப்ளி ஒயினும் உத்தரவு பட்லரும்

பிரெஞ்சு ஒயினில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல், அதற்காகத் துரைமாரோடு மல்லுக்கு நின்றவர் பர்மா தேசத்திலேயே ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். அங்கே மேனேஜர் துரையின் பங்களாவில் அவர் பட்லர். சம்பளப் பட்டியலிலும் 'பட்லர்' என்றே இருந்தது. நாங்கள் வைத்த பெயர் உத்தரவு பட்லர்.

காரணம் ஒரு காகிதம். துரைக்குச் சாப்ளி என்ற வெள்ளை ஒயின் உயிர். அதை எதோடு பரிமாறலாம் என்று துரை சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். சிப்பி, மீன், பாலாடை சேர்த்த கோழி, ஆட்டுப்பால் சீஸ் ஆகும். ஆட்டிறைச்சி ஆகாது. மிளகாய் கூடவே கூடாது. மீறினால் வேலை போகும். கீழே துரை கையெழுத்து. பட்லருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் தமிழில் படித்துக் காட்டினேன். அன்று பிடித்தது சனி.

பட்லர் வாரம் இரண்டு முறை ஆபீசுக்கு வந்துவிடுவார்.

"கிராணியாரே, இறாலு மீனா?"

"மீன் மாதிரிதான்."

"மாதிரின்னு காகிதத்துல இல்லையே."

அடுத்து நாப்பி வந்தது. பர்மியர் புளிக்கவைக்கும் மீன் விழுது. "அதுவும் மீனுல செஞ்சதுதானே, ஊத்தலாமா?" என்றார். வாசனை பட்டாலே துரை வீட்டைக் காலி செய்துவிடுவார் என்றேன்.

"அது அவர் பாடு. காகிதம் என்ன சொல்லுது?"

பிறகு ஒரு நாள், "ஆட்டுப்பால் ஆகும், ஆடு ஆகாது. அது எப்படிங்க?" என்றார். எனக்கும் தெரியவில்லை. விசாரணையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன்.

துரை சீமைக்குத் திரும்பும் நாள் வந்தது. அந்தக் காலத்தில் பட்லர்களுக்கு இருந்த ஒரே சொத்து, போகிற துரை எழுதிக் கொடுக்கும் நற்சாட்சிக் கடிதம். அது இல்லாதவனை ரங்கூனில் எந்த பங்களாவும் படியேற்றாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் எழுதித் தருவதாகத் துரை சொல்லியிருந்தார்.

கடைசிச் சாப்பாட்டுக்கு அவர் கேட்டது மெட்ராஸ் ஆட்டுக்கறிக் குழம்பு. கூடவே சாப்ளி. பட்லர் குழம்பை வைத்தார். பாட்டிலைத் திறக்கவில்லை.

"துரை உத்தரவு இருக்குங்க, துரை."

"நான்தான் துரை," என்றார் துரை, மெட்ராஸில் பழகிய தமிழில்.

"அதனாலதாங்க. துரை கையெழுத்தை நான் எப்படி மீறுறது?"

என்னைக் கூப்பிட ஆபீசுக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது துரை, "கடிதம் கிடையாது," என்று மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். பட்லர் பாட்டிலைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஊத்தித் தொலையும். இல்லேன்னா கிடைக்கப்போற வேலையும் போயிரும்," என்றேன் காதில்.

"மீறினாலும் வேலை போயிரும்னு நீங்கதானே படிச்சீங்க?"

படித்திருந்தேன். எழுத்தில் போட்ட உத்தரவை எழுத்தில்தான் ரத்து செய்ய வேண்டும், அதுதான் முறை. 'இன்று ஒரு வேளைக்கு மட்டும்' என்று எழுதி நீட்டினேன். துரை கையெழுத்துப் போட்டார். பட்லர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் திறந்தார்.

துரை குழம்பைத் தின்று ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப் போயிற்று. கிளாஸைத் தள்ளிவைத்தார். எழுந்துபோய் எதையோ எழுதி, பட்லர் கையில் திணித்துவிட்டுக் கப்பலேறப் போனார்.

பட்லர் அதை என்னிடம் நீட்டினார். ஒரே வரி: 'இவன் என் உத்தரவை என்னிடமிருந்தே காப்பாற்றினான்.'

"நல்லதா எழுதியிருக்காரா, கெட்டதாவா?"

மூன்று முறை படித்தேன். விளங்கவில்லை.

"நல்லதுதான்," என்றேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஆதாரம் இல்லாமல் நான் சொன்ன ஒரே பதில் அது.

மறுவாரம் ரங்கூனிலேயே கெம்மண்டைன் பக்கம் ஒரு துரைசானி அந்தக் கடிதத்தைப் படித்து, விழுந்து விழுந்து சிரித்து, அன்றே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டாளாம். எதற்குச் சிரித்தாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

கெம்மண்டைன் என் ஆபீசுக்கு நேர் எதிர்த் திசை. இருந்தும், பட்லர் எதிர்ப்பட்டு ஏதாவது சந்தேகம் கேட்க மாட்டாரா என்று ரொம்ப நாள் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.