ஜரிகை போட்ட மதர்போர்டு

இணையத்தில் எதையாவது படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடுபவனைத் தனியாக விடக் கூடாது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிய ஒரு நாளில், பட்டுத்தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில், என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

வீட்டிலேயே தறி போட்டிருந்த மாமா அப்போது புடவை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கியிருந்தார். அந்தப் பெட்டி ஓர் அன்னத்தைத் திரையில் காட்டுவதற்குள் நிஜ அன்னமே நடந்து வந்துவிடும். அன்று சாயங்காலம் கல்யாணப் புடவைகளுக்கு டிசைன் பார்க்கப் பெண்ணின் அப்பா ஒருவர் வருவதாக இருந்தது. பெரிய ஆர்டர்.

"பொட்டிய மட்டும் தொடாதப்பா" என்று சொல்லிவிட்டு மாமா ஐயம்பேட்டைக்குக் கிளம்பினார்.

நான் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினேன். எந்த ஊர்க்காரனோ எழுதியிருந்தான்: மதர்போர்டில் ஜம்பர் என்ற குட்டித் தொப்பியைக் கழற்றி, பக்கத்திலுள்ள இரண்டு ஊசிகளை இணைப்பதுபோல் மாட்டினால் வேகம் கூடுமாம். அவ்வளவுதானா! வீட்டுக்கு மிதித்த மிதியில் சைக்கிள் செயினே கழன்றது.

ஜம்பரைக் கழற்றினேன். அது துள்ளி, பக்கத்துத் தறியில் நெய்பவர் கால் வைக்கும் குழிக்குள் விழுந்தது. (அங்கே விழுந்த எதுவும் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.) குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது தறியிலிருந்த ஜரிகை கண்ணில் பட்டது. ஜரிகை என்றால் நூல்மேல் சுற்றிய வெள்ளி. வெள்ளியைப்போல மின்சாரத்தைக் கடத்த வேறு எது உண்டு? உலகில் எவனுக்கும் தோன்றாத யோசனை! இரண்டு ஊசிகளையும் ஜரிகையால் சுற்றி முடிச்சுப் போட்டேன். நுனியை வெட்ட மறந்தேன்.

சுவிட்சைப் போட்டேன். ஓடியது! அன்னம் பறந்து வந்தது! எழுந்து ஆடினேன். ஆடிய ஆட்டத்தில் மேஜை அசைந்து, ஜரிகை நுனி பக்கத்து ஊசிகளில் பட்டது. 'பட்'டென்று ஒரு சத்தம், பிறகு புகை.

சரியாக அப்போது மாமாவும் பெண்ணின் அப்பாவும் உள்ளே வந்தார்கள்.

"இன்னாடா, பொக வந்துக்கினு இருக்குது?"

"ஜம்பர் தொலஞ்சிப்போச்சு மாமா... அதான் நம்ம ஜரிகைய..."

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆர்டர் என்னால் போயிற்று என்றே நினைத்தேன். வந்தவரோ பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"தம்பி, ஜரிகைல கரண்டு ஓடிச்சா?"

"ரொம்ப நல்லா ஓடிச்சுங்க."

"அப்ப ஒரிஜினல் வெள்ளிதான்! ஜரிகை ஒரிஜினலா, போலியான்னு எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சிக்கினே வந்தேன்பா. அன்னம் வேணாம், தறில இருக்குதே அந்த மயிலே போதும்."

ஆர்டர் அங்கேயே உறுதியானது.

இன்றைக்கும் வீட்டுக்குப் புது ஜரிகை வந்தால் மாமா விடமாட்டார். "அவன் கம்ப்யூட்டர்ல சுத்திப் பாருங்கப்பா, பொக வந்தா ஒரிஜினல்!" எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். போலி ஜரிகையில் இருக்கும் செம்பும் கரண்டைக் கடத்தும் என்பதை மட்டும் இன்றுவரை நான் வீட்டில் சொல்லவில்லை.