கேம்ப் ரோட்டில் பறந்த பிளேட்லெட்டுகள்

எப்பேர்ப்பட்ட நிதானமான மனிதரையும் அவசரப்படுத்திவிடுகிற சொல் ஒன்று உண்டு: ரத்தம். இது தெரியாமலே நான் ரத்தத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன்.

காயம் பட்டால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறைய வைக்கும் குட்டி அணுக்கள்தான் பிளேட்லெட்டுகள். 'ஒட்டு' என்ற சமிக்ஞை அவற்றுக்குள் எப்படிப் பரவுகிறது என்பது என் கேள்வி. பிளேட்லெட்டில் நேரடியாக மரபணுவைத் திருத்த முடியாது. அதனால் ஸ்டெம் செல்லில் திருத்தி, அதை வாரக்கணக்கில் ஊட்டி வளர்த்து, அதிலிருந்து பிளேட்லெட் எடுக்க வேண்டும். (இவ்வளவு கவனமாகத் தனக்கு ஒருநாளும் சோறு போட்டதில்லை என்பது என் கணவர் முரளியின் தரப்பு.) கிடைப்பவை சரியான தொட்டாற்சிணுங்கிகள். குலுக்கினாலே காயம் என்று நினைத்து ஒட்டிக்கொள்ளும்.

தாம்பரத்தில் எங்கள் ஆய்வகக் கருவி பழுது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் நேரம் வாங்கியிருந்தோம். இந்த முறையும் சரிவராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று என் வழிகாட்டி மேடம் சொல்லியிருந்தார். வளர்த்தெடுத்த பிளேட்லெட்டுகளை ஒரு டப்பாவில் வைத்து, அதை மடியில் அணைத்தபடி ஆட்டோவில் ஏறினேன்.

"இன்னாமா டப்பால?" என்றார் ஓட்டுநர்.

"ரத்த அணுக்கள்ணா. கொஞ்சம் பாத்து ஓட்டுங்க."

"அத மொதல்லயே சொல்றதில்ல?"

அடுத்த நொடி ஹெட்லைட் எரிந்தது. சேலையூரில் ஒரு வேகத்தடை மேல் ஆட்டோ பறந்தது. டப்பா என் தாடையில் இடித்தது.

"அண்ணா, மெதுவா."

"நீ பயப்படாதம்மா. பேஷண்ட்டுக்கு ஒண்ணும் ஆவாது." தலையை வெளியே நீட்டி, "ஓரம் போ, ரத்தம் போய்கினு கீது," என்று கேம்ப் ரோடு முழுக்க அறிவித்தார். ஒரு மாநகரப் பேருந்தே ஒதுங்கி வழிவிட்டது. பேஷண்ட் யாரும் இல்லை என்று நான் கத்தியது ஹாரனில் காணாமல் போனது.

ராஜகீழ்ப்பாக்கம் ஆய்வகத்தில் மேடம் கருவியின் திரையைப் பார்த்தார். "ஒட்டவைக்கிற மருந்தே இன்னும் போடல. அதுக்குள்ள எல்லாம் கட்டி கட்டியா ஒட்டியிருக்கே. எதுல வந்த?"

கழிவறையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து, "மறுபடி வளக்கறேன் மேடம். தலைப்ப மட்டும் மாத்தாதீங்க," என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மறுபடி வளர்த்தேன். இந்த முறை எந்தச் சக்கரத்தையும் நம்புவதாக இல்லை, நடந்தேன். முரளி முன்னால் குடையோடு போய், பள்ளம் வரும்போதெல்லாம் கை காட்டினார். டப்பாவை இரு கையில் ஏந்தி நான் பின்னால். எதிரே வந்த ஒரு பெரியவர் அதைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பிளேட்லெட்டுகள் சமர்த்தாக வந்து சேர்ந்தன. மருந்து போட்ட பிறகே ஒட்டின. திருத்திய மரபணு சமிக்ஞையைத் தாமதப்படுத்துவது திரையில் தெரிந்தது. மேடம் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஓட்டுநர் இன்றும் தாம்பரம் ஸ்டாண்டில்தான் இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம், "அந்த பேஷண்ட் எப்டிமா கீறாரு?" என்பார். விளக்கிச் சொல்ல மனம் வரவில்லை. "நல்லா இருக்காருண்ணா," என்பேன். எங்கள் வீட்டில் அந்த இல்லாத பேஷண்ட்டுக்கு மணவாளன் மாமா என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆய்வு சொதப்பி நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிற நாட்களில் முரளி செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கேட்பார்: "மாமாவுக்கு மறுபடி சீரியஸா?"