பூசணிக்காய் உடைத்த வழக்கு

சட்டம் படித்து முடித்தவர்களைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லை. படிக்க ஆரம்பித்து நாலு மாதம் ஆனவனைக் கண்டால்தான் எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். எண்பதுகளின் கடைசியில் பம்மலில் அப்படி ஒருவன் திரிந்துகொண்டிருந்தான். அவன் நான்தான்.

மூடாத சாக்கடையைப் பார்த்தால் நஷ்டஈடு, ஆடுகிற பெஞ்சைப் பார்த்தால் அஜாக்கிரதை வழக்கு என்று வாய் ஓயாது. டீக்கடைக்காரர் ஒருநாள், "டீ சூடா கீது தம்பி. நாக்கு வெந்துட்ச்சுன்னு கேஸ் போட்டுடாத" என்று சொல்லித்தான் கிளாஸை நீட்டினார். (அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் வேறு வந்து சொன்னேன்.)

அந்த வருட ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன படப்பைக்காரர்கள், மாப்பிள்ளையின் அப்பா சாயங்காலம் நேரில் வந்து பதில் சொல்வார் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது அக்காவுக்கே மனசுக்குப் பிடித்த இடம். அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வீட்டின் முன்பக்கம் அப்பாவின் கிரில் பட்டறை. பூஜை முடிந்ததும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது என் பொறுப்பு. மேலே துளை போட்டுவிட்டுப் பார்த்தால், உள்ளே கொட்டக் குங்குமம் ஒரு சிட்டிகைதான் மிச்சம். கடைக்குப் போகச் சோம்பல். மூலையில், கிரில்லுக்கு முதல் பூச்சாக அடிக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் டப்பா திறந்தே இருந்தது. சிவப்பாக இருந்தால் சரி, திருஷ்டி என்ன மோந்தா பார்க்கப்போகிறது? தாராளமாக ஊற்றினேன். கற்பூரம் ஏற்றிச் சுற்றி, நடுரோட்டில் ஓங்கிப் போட்டேன். (தீப்பிடிக்காதது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம்.)

"உடைச்ச கையோட ஓரமா அள்ளிப் போட்டுடுடா. வண்டி வர்ற ரோடு" என்றார் அப்பா.

"இதோ" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் சாப்பிட உள்ளே போனேன்.

இரண்டாவது கைப்பிடி வாய்க்குப் போகுமுன் வெளியே ஒரு சறுக்கல் சத்தம், அடுத்து தடால். ஓடினோம். ஸ்கூட்டர் ஒரு பக்கமாகக் கிடந்தது, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மனிதர், உச்சி முதல் இடுப்பு வரை ரத்தச் சிவப்பு. அம்மா "ஐயோ!" என்று அலறி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முதன்முதலாக ஒரு பிணத்தைப் பார்க்கிறேன் என்றே நினைத்தேன்.

பிணம் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, மணிக்கட்டு..." என்றது.

ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் போன மூச்சு திரும்பி வந்தது. கூடவே சட்டமும் வந்தது. கூட்டம் வேறு கூடிவிட்டதா, சும்மா இருக்க முடியுமா?

"யாரும் எதையும் தொடாதீங்க! பொது ரோட்டுல இடைஞ்சல் பண்றது குற்றம். சார், நீங்க நஷ்டஈடு கேட்கலாம்."

"தம்பி, நான்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"நீங்க பேசாதீங்க சார். பாதிக்கப்பட்டவர் பதட்டத்துல எதையாவது சொன்னா கேஸ் வீக் ஆயிடும்."

எதிர்க்கடை அண்ணாச்சியும் ஒரு பூசணிக்காய் உடைத்திருந்தார். நான் அவர் பக்கம் விரலை நீட்டினேன். "எங்க காய் அந்தா ஓரமா கெடக்கு, கண்ணு தெரியலையா?" என்றார் அவர். இப்படி மறுப்பதுதான் குற்றவாளிகளின் வழக்கம் என்று கூட்டத்துக்கு விளக்கினேன்.

"இன்னா நைனா, லெக்சர் குட்துகினு கீற? அவரை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவலாம், வா" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

சிவப்பு மனிதர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் மேல போடலாம் தம்பி கேஸு?" என்று நிதானமாகக் கேட்டார்.

"உடைச்சவன் மேல சார். விடவே கூடாது. நானே சாட்சி சொல்றேன்."

அதற்குள் அம்மா சொம்புத் தண்ணீரோடு வந்து அவர் முகத்தைக் கழுவினாள். போகவில்லை. சோப்பு போட்டாள். அப்போதும் போகவில்லை. "என்னங்க, குங்குமம் போகவே மாட்டேங்குது?" என்றாள். அப்பா குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பட்டறைக்குள் போய் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து வந்தார்.

துணி நெற்றியிலிருந்து மூக்கு வரை இறங்கியபோது வாசலில் நின்ற அக்காவின் முகம் வெளிறியது.

"அப்பா... படப்பை மாமாப்பா!"

அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்த சட்டம் முழுவதும் மறந்துபோயிற்று. அக்கா உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுத சத்தம் தெருவரை கேட்டது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அப்பா "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் அங்கே பணியிலிருந்த போலீஸ்காரர் வந்து, "எப்படி சார் விழுந்தீங்க? யார் மேலயாவது புகார் இருக்கா?" என்று கேட்டார்.

படப்பை மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மண்ணெண்ணெய் வாசனையும் அரைச் சிவப்புமாக அந்த முகம் இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

"புகார் ஒண்ணும் இல்லீங்க. ரோடு வழுக்கிடிச்சு."

போலீஸ்காரர் போனதும் அப்பாவிடம் திரும்பினார். "எங்களுக்குச் சம்மதம்னு சொல்லத்தான் வந்தேன். பொண்ணு மேல என்ன தப்பு? அடுத்த மாசமே வெச்சுக்கலாம்." அப்பா அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மாமா என் பக்கம் திரும்பினார். "ஆனா வக்கீல் சார் விடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அதனால தீர்ப்பு உண்டு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுக்கு வந்து, உடைச்ச காயை அவர்தான் அள்ளணும்."

கல்யாணப் போட்டோவில் மாமா கட்டுப்போட்ட கையோடு, இடது கையால் அட்சதை போடுகிறார். நான் இப்போது தாம்பரம் கோர்ட்டில் விபத்து வழக்குகள்தான் நடத்துகிறேன். எத்தனையோ பேருக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தாயிற்று. என் வழக்கில் மட்டும் அப்பீல் எடுபடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜை சாயங்காலமும் படப்பையிலிருந்து அக்கா போன் செய்வாள்.

"உடைச்சாச்சுடா. மாமா துடைப்பத்தை வாசல்ல வெச்சுட்டு உக்காந்திருக்கார். எங்கே இருக்கே?"

"இதோ" என்று மட்டும் நான் சொல்வதில்லை.