தார் வைத்த குவளை

சிங்கப்பூரில் ஏழை யார் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தாகக்காரர்தான். அப்படி அவரே சொல்லிக்கொள்வார். சிராங்கூன் ரோட்டு அரிசி மண்டியில் அவர் பெரிய கணக்கப்பிள்ளை. நான் சின்னக் கணக்கப்பிள்ளை, அதாவது அவருக்குக் குடை பிடிக்கிறவன். முதலாளி ராவுத்தர் மாதாமாதம் ஏழை வீடுகளுக்கு அரிசி கொடுப்பார். ஏழையைப் பொறுக்கி எடுக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

லேசுப்பட்ட வேலையா அது? சம்பளம் மொத்தத்தையும் வாடகை விழுங்கிவிடும் ஊர். சட்டை கஞ்சி குடித்து விறைப்பாக நிற்கும், சட்டைக்குள் இருப்பவன் கஞ்சிக்கு அலைவான்.

"சட்டை பொய் சொல்லும், அழுகையும் பொய் சொல்லும். தண்ணி குடுக்கிற ஏனம் பொய் சொல்லாது தம்பி" என்பார்.

ஆகவே வாசல்தோறும் நின்று, "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி" என்று கேட்பார். தாகக்காரர் என்ற பெயர் வந்ததும் அப்படித்தான். பித்தளைச் செம்பில் வந்தால் அரிசி கிடையாது. தகரத்தில் வந்தால் உண்டு. ஏழெட்டு வீடு முடிவதற்குள் அவர் நடக்கும்போதே வயிற்றுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்கும்.

ஒருநாள் மாட்டுக் கொட்டடியை ஒட்டிய சந்தில் வீட்டுக்கு வீடு தகரக் குவளையே வந்தது. நசுங்கிய குவளை, அடியில் இருந்த ஓட்டையைத் தார் வைத்து அடைத்திருந்தார்கள். தாகக்காரர் கண் கலங்கிவிட்டார்.

"பாரு தம்பி, எல்லார் குவளையிலயும் ஒரே எடத்துல ஓட்டை! எந்தக் கடைக்காரனோ இந்தச் சந்து சனம் மொத்தத்தையும் ஏமாத்திட்டான்."

"ஒரே குவளையா இருக்குமோ அண்ணே?"

"சும்மா இருலா. ஏழைங்கள சந்தேகப்படாத."

கடைசி வீடு இஞ்ஞாசியம்மாவுடையது. கப்பல் துறையில் புருஷனைப் பறிகொடுத்தவர். இரண்டு பெண்பிள்ளைகளோடு, தட்டி வைத்து மறைத்த அரை அறையில் குடியிருந்தார். அவர் தண்ணீர் கொண்டுவந்தது பளபளக்கும் பித்தளைச் செம்பில்.

தாகக்காரர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஒங்களுக்கு அரிசி இல்ல தாயி" என்றார்.

இஞ்ஞாசியம்மா செம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சரிங்கண்ணே" என்றார்.

அதற்குள் பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டு நாகம்மா ஓடிவந்தார், கையில் தார்க் குவளையோடு.

"இந்தா இஞ்ஞாசி, ஒன் குவளை! எங்க வீட்டுக்கும் அரிசி உண்டுன்னுட்டாரு. என் செம்பக் குடு..."

அப்போதுதான் எங்களைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் செல்வச் சீமாட்டி இல்லை. அந்த ஒரு செம்பு, கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது.

"உள்ளதச் சொல்லியிருக்கலாமே தாயி" என்றார் தாகக்காரர், இஞ்ஞாசியம்மாவிடம்.

"சொன்னா அவுங்களுக்கு அவமானம் இல்லீங்களா?"

"அவமானம் எனக்குத்தான்" என்று வெளியே வந்தார். எனக்கும்தான். பசித்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து அந்த வீட்டையே சோதிக்கிறோம், இதில் குடை ஒரு கேடு! குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இஞ்ஞாசியம்மா வீட்டு அரிசியை அவரே தோளில் சுமந்து போவார். மண்டை பிளக்கும் வெயிலில், வேர்த்து விறுவிறுத்து, நாக்கு வறண்டு நிற்பார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்பார் அந்தம்மா.

"வேணாம் தாயி, தாகமே இல்ல."

எனக்குத் தெரிந்து, எங்கள் தாகக்காரர் சொன்ன ஒரே நல்ல பொய் அதுதான்.