சீமாட்டியின் வயிறும் ஒரு விழிப்புணர்வுச் செயலமர்வும்

மாட்டு டொக்டரை எப்போது கூப்பிட வேண்டும் என்பது நம் நாட்டில் தீராமல் கிடந்த பெரிய கேள்விகளில் ஒன்று. அதைத் தீர்த்துவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. பேப்பரில் என் பெயரைப் போடவில்லை. போகட்டும். நான் மறக்கவில்லை.

புசல்லாவையிலிருந்து மலைப்பக்கமாக ஏறினால் எங்கள் தோட்டம் வரும். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு விசாரணை வைப்பார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுப்பட்டி, அதில் ஒரே ஒரு பசு. கறுப்பும் வெள்ளையுமாக நல்ல இனம். நடையும் பார்வையும் துரைச்சாணி மாதிரி இருந்ததால் சீமாட்டி என்று பெயர் வைத்தோம். தோட்டத்தில் எனக்குப் பேர் வெட்டி வேலை போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான். எனக்கு மரியாதை இருப்பதும் அவளால்தான் என்று என் மனைவி வீரம்மா சொல்வாள்.

முதலில் சீமாட்டியின் கன்றுக்குக் கழிச்சல் வந்தது. கொய்யாக் கொழுந்தை அரைத்துக் கொடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. கன்றின் கண் உள்ளே போய், காது குளிர்ந்த பிறகுதான் டொக்டர் குகதாசனைக் கூப்பிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், குணமான மனுசன். ஜீப்பை விட்டு இறங்கி, கன்றைப் பார்த்து, கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"பெரியதம்பி, இவ்வளவு பிந்தியோ கூப்பிடுறது? தண்ணியா கழிஞ்சு, குட்டி எழும்ப மாட்டாமக் கிடந்தா உடன சொல்ல வேணும்."

கன்று செத்தது. "உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை" என்று மாட்டு டொக்டர் ஆபீசில் பதிந்தார்கள்.

அடுத்த தடவை சீமாட்டி ஒரு நாள் காலையில் புல்லைத் தொடவில்லை. பிந்தக் கூடாதே என்று உடனே கூப்பிட்டேன். ஜீப் மலையேறி வந்து நின்றபோது அவள் படுத்துக்கொண்டு நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தாள். டொக்டரைப் பார்த்ததும் எழுந்து புல்லையும் தின்றாள். "அநாவசியமாக உத்தியோகத்தரை அழைத்தார்" என்று பதிந்தார்கள்.

நான் ஆபீசுக்கே போய்விட்டேன்.

"சாகப் போற நேரத்துல கூப்பிட்டா லேட்டு. திங்கிற நேரத்துல கூப்பிட்டா அவசரம். நடுவுல எப்பத்தான் கூப்புடுறது?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லையாம். அபிவிருத்தி உத்தியோகத்தர் சுகிர்தா மிஸ் சொன்னார்: "மிகவும் நல்ல கேள்வி ஐயா. மேலிடத்துக்கு அனுப்புகிறோம்."

கேள்வி மேலே போனது. கண்டிக்குப் போய், அங்கிருந்தும் மேலே போய், மழைக்காலம் முழுக்க எங்கெங்கோ இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. வரும்போது பதிலாக வரவில்லை. விழாவாக வந்தது. பஸ் ரோட்டோர மண்டபத்தின் வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள்: "அறிந்து அழைப்போம்! கால்நடை வைத்தியரை எப்போது அழைக்க வேண்டும்? – மாபெரும் விழிப்புணர்வுச் செயலமர்வு."

இப்போது பிளாஸ்டிக் பூ வைத்தால் நாகரிகம் இல்லையாம். எல்லாம் இயற்கை முறையில் இருக்க வேண்டுமாம். அதனால் மேடையைக் கோவா, கரட், லீக்ஸ் என்று மரக்கறியாலேயே அலங்கரித்தார்கள். முதல்நாள் மண்டபத்தைக் கூட்டப் போன வீரம்மா, கோவாவில் உரித்துப்போட்ட இலைகளை ஒரு உரப்பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். அரசாங்கத்துக் கோவா ஆயிற்றே என்று முழுவதையும் சீமாட்டிக்குக் கொட்டினாள். சீமாட்டியும் அரசாங்கத்தின்மேல் நம்பிக்கை வைத்து எல்லாவற்றையும் தின்றாள்.

விடிந்து பார்த்தால் அவளுடைய இடது வயிறு மேலே புடைத்து நின்றது. தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம். அசை போடவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள், காலால் உதைத்தாள். வாயில் நுரை தள்ளியது.

"என்னாங்க, மூச்சு வாங்குது! டொக்டரக் கூப்புடுங்க!" என்றாள் வீரம்மா.

கூப்பிட்டேன். டொக்டரின் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆபீசுக்கு எடுத்தேன். காவல்காரர் பேசினார்.

"ஒருத்தரும் இல்ல. எல்லாம் செமினாருக்குப் போயிட்டாங்க."

"என்னா செமினாரு?"

"டொக்டர எப்ப கூப்புடுறதுன்னு."

நஸீப்பின் திரீவீலரில் ஏறினேன். நஸீப் பஜாரில் ஓட்டுகிற பொடியன். பட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னம் கொஞ்சம் ஊதினா மாடு கூரையத் தூக்கிட்டுப் போகும். கெதியா வாங்க" என்றான்.

மண்டப வாசலில் சுகிர்தா மிஸ் நின்றார்.

"மிஸ், என் மாட்டுக்கு வயிறு..."

"ஐயா, முதலில் தொப்பி."

சிவப்புத் தொப்பி ஒன்றை என் தலையில் வைத்தார். பக்கத்தில் மாட்டு முகம் வரைந்த ஒரு பெரிய அட்டை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதில் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். பேஸ்புக்கில் போட. தலையை விட்டேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. மாட்டின் உடம்பில் என் முகம், கண்ணில் தண்ணீர். கீழே "மகிழ்ச்சியான பண்ணையாளர்" என்று போட்டிருக்கிறார்கள்.

உள்ளே நிகழ்ச்சி தொடங்கவில்லை. பெரிய ஆபீசிலிருந்து பிரதம அதிதி வந்து குத்துவிளக்கு ஏற்றினால்தான் தொடங்கும். அதுவரை சும்மா இருக்கக் கூடாது என்று திரையில் படம் ஓட்டினார்கள். மாட்டு நோய்க்கு மூன்று நிறம் வைத்திருந்தார்கள். பச்சை என்றால் பொறுத்துப் பார்க்கலாம். மஞ்சள் என்றால் அன்றைக்கே சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சிவப்பில் ஒரு மாடு வந்தது. இடது வயிறு புடைத்து, வாயில் நுரையோடு. "ஈரமான கோவா இலையை அளவுக்கு மீறிக் கொடுப்பதால் ஏற்படும் வயிற்று உப்புசம். உடனே வைத்தியரை அழையுங்கள்!"

எழுந்து நின்று கத்தினேன். "இதுதாங்க என் மாடு! இப்ப இப்படித்தான் நிக்குது!"

"மிகச் சிறந்த உதாரணம்" என்றார் சுகிர்தா மிஸ் மைக்கில். "ஐயாவுக்கு ஒரு கரகோஷம்!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

"தட்டுனது போதும், டொக்டர அனுப்புங்க!"

"கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் ஐயா. அமருங்கள்."

டொக்டர் தானாகவே மேடையை விட்டு இறங்கி என் பக்கத்தில் வந்தார். முகத்தில் வேர்வை.

"பெரியதம்பி, இது பொறுக்கிற வருத்தமில்லை. மாடு செத்துப் போகும். நான் வாறன். ஆனா ஜீப் இல்லை. பிரதம அதிதியைக் கூட்டிவரக் கண்டிக்குப் போயிட்டுது. வயித்துக்க விடுற குழாயும் அதுக்குள்ளதான் கிடக்கு."

"நஸீப்போட வண்டி இருக்கு, டொக்டர்!"

சுகிர்தா மிஸ் குறுக்கே வந்தார். "கடமை நேரத்தில் உத்தியோகத்தர் தனியார் வாகனத்தில் போக முடியாது. மேடையில் ஒரு கதிரை காலியாக இருந்தாலும் பிரதம அதிதி என்ன நினைப்பார்?"

டொக்டர் யோசித்தார். "மாடு இஞ்ச வந்தா?"

மிஸ்ஸும் யோசித்தார். "வந்தால் அது செய்முறை விளக்கம். செய்முறை விளக்கத்துக்கு நிகழ்ச்சிநிரலில் இடமிருக்கிறது."

வீரம்மாவுக்குப் போன் எடுத்தேன். "மாட்ட மெதுவா நடத்திக்கிட்டு மண்டபத்துக்கு வா."

"ஒங்களுக்குப் பைத்தியமா? வயித்த ஊதிக்கிட்டு நிக்கிறத செமினாருக்கா கூட்டிட்டு வரச் சொல்றீங்க?"

"டொக்டரே சொல்றாருடி. நடக்குறது நல்லதாம்."

வீரம்மா முன்னால் கயிற்றைப் பிடிக்க, லயத்துச் சனம் பின்னால் வர, சீமாட்டி குறுக்குப்பாதையில் இறங்கி வந்தாள். வாசலில் அவளுக்கும் ஒரு தொப்பியை மாட்டினார்கள். கொம்பு இடித்ததால் நிற்கவில்லை.

டொக்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு குச்சியை அவள் வாயில் குறுக்கே கடிக்கக் கொடுத்துக் கட்டினார். முன்கால் மேட்டில் இருக்கும்படி வாசல் படிக்கட்டில் ஏற்றி நிறுத்தினார். "இனி வயித்து நுரையை உடைக்க எண்ணெய் வேணும். தேங்காயெண்ணெய் ஒரு போத்தல். கெதியா!"

பஜார் தூரம். ஆனால் மேடையில் நெஞ்சுயரத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு. ஐந்து முகமும் நிறைய, தளும்பத் தளும்ப, சுத்தமான தேங்காய் எண்ணெய்.

"அதைத் தொடக் கூடாது!" என்றார் சுகிர்தா மிஸ். "அது விளக்குக்கு ஒதுக்கிய எண்ணெய். மாட்டுக்கு ஒதுக்கியது தனியாக வர வேண்டும்."

"எப்ப வரும்?"

"மேலிடத்தில் கேட்க வேண்டும்."

வீரம்மா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. மேடையில் ஏறி, குத்துவிளக்கைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். டொக்டர் எண்ணெயைப் போத்தலில் வடித்து, சீமாட்டியின் வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார், மூச்சுக்குழாயில் போகாதபடி. நான் இடது வயிற்றைப் பிசைந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. மேளம் முழங்கியது. பிரதம அதிதி இறங்கி, மாலையை ஏற்றுக்கொண்டு, படியில் கால் வைத்து, வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

சீமாட்டி முந்திக்கொண்டாள். அப்படியொரு ஏப்பத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பிரதம அதிதியின் கண்ணாடி மங்கிப்போனது. சீமாட்டி விடவில்லை, அடுத்தடுத்து விட்டாள். வயிறு இறங்கிக்கொண்டே வந்தது. நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீரம்மா விளக்கைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிரதம அதிதி கண்ணாடியைத் துடைத்தார். "என்ன இது?"

"செயலமர்வின் முதலாவது வெற்றி, சேர்" என்றார் சுகிர்தா மிஸ்.

எண்ணெய் இல்லாத விளக்கை மேடையில் வைத்தார்கள். பிரதம அதிதி தீக்குச்சியை நீட்டினார். திரி கருகிப் புகைந்தது. இன்னொரு குச்சி, அதுவும் புகைந்தது. "மங்கல விளக்கு ஏற்றிவைக்கப்பட்டது!" என்று மிஸ் மைக்கில் அறிவித்தார். எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன், பலமாகவே.

பிறகு பிரதம அதிதி ஒரு கோவாவை மேடையிலிருந்து பிடுங்கி, படம் எடுப்பதற்காகத் தன் கையாலேயே சீமாட்டிக்கு ஊட்டப் போனார். டொக்டர் பாய்ந்து தடுத்தார். அவருடைய மரியாதைக் குறைவைப் பற்றி இன்னும் விசாரணை நடக்கிறது.

சரியான நேரத்தில் அழைத்த முதல் பண்ணையாளர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இனிமேல் ஆளாளுக்கு டொக்டரைக் கூப்பிட்டுக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகக் கால்நடை நலன்புரிச் சங்கம் ஒன்றும் அமைத்தார்கள். டொக்டரை யார் கூப்பிட்டாலும் தலைவர் மூலமாகத்தான் கூப்பிட வேண்டும். தலைவர் நான்.

பொறுப்பு இலேசானது அல்ல. சீமாட்டி கிடாரிக் கன்று போட்டுச் சுகமாக இருக்கிறாள். எனக்குத்தான் நேரமில்லை. நேற்று சங்கத்தின் ஆண்டுவிழா. மேடையில் புதுக் கோவா, புது எண்ணெய். பிரதம அதிதிக்காகக் காத்திருந்தோம். டொக்டர் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். மேளச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது. அப்போது மேல் லயத்து ராஜலிங்கம் சேற்றுக் காலோடு மேடைக்கு ஏறி வந்து என் காலடியில் குந்தினான்.

"தலைவரே, ஆடு குட்டி போட முடியாம முக்குது. பன்னீர்க்குடம் ஒடஞ்சு ரொம்ப நேரமாச்சு. ஒத்தக் கால் மட்டும் வெளிய நிக்குது. டொக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க!"

சிவப்புத்தான். எனக்குத் தெரியாததா? ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது.

"கேள்வியக் கடைசியில கேக்கலாம் ராஜலிங்கம். மொதல்ல தொப்பியப் போடு" என்றேன்.

போட்டுக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தான். ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்தான். எதையும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் போலிருக்கிறது.

இப்படிப்பட்ட சனத்தை வைத்துக்கொண்டு என்ன விழிப்புணர்வைக் கொண்டுவருவது?