உங்கள் காருக்கு நான் போட்ட சோல்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது.

இங்கே நான், உங்கள் மாமியார், உங்கள் மனைவி, உங்கள் கார் ஆகிய நால்வரும் நலம். நடுக்கடலில் நீங்களும் உங்கள் கப்பலும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம். போனில் பேசினால் எடுத்த எடுப்பிலேயே "மாமா, காரை மட்டும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு உண்மை பேச எனக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆகவே கடிதம். காரைத் தொட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். உங்கள் மனைவிக்கு, அதாவது நம் பெண்ணுக்கு, குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆனா தையல் புதுசு, வண்டி குலுங்கக் கூடாது" என்றார். உங்கள் கார் பின்பக்கம் போடும் கடக்முடக் சத்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே பதினோரு வேகத்தடைகள், ஒவ்வொன்றிலும் யாரோ அண்டாவைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம், கூடவே ஒரு உதை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "ஷாக் அப்சார்பர் மேல்முனையை பாடியோட சேர்க்கிற மவுண்ட் ரப்பர் ரெண்டு பக்கமும் செத்துப்போச்சு சார். புதுசு வர பத்து நாளாகும்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! ரப்பரைப் பற்றி யாரிடம் பேசுகிறான்? ஷூ கம்பெனியில் சோல் பிரிவில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே இந்த சோல் எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்வேன். பெண்ணுக்கு வலிக்குமே என்று தவித்த தவிப்பு ஒரு பக்கம், கை துறுதுறுவென்று வந்தது ஒரு பக்கம்.

பரணிலிருந்த ஒன்பதாம் நம்பர் பாதுகாப்பு ஷூக்களை இறக்கி, சோலைப் பிரித்து, வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி நட்டுகளைக் கழற்றினால் பழைய ரப்பர் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து விழுந்தது. என்னுடையதை வைத்து முறுக்கி, காரைத் தரையில் இறக்கியதும் உங்கள் மாமியார் ஒரு தட்டு பீன்ஸும் கத்தியுமாகப் பின் சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஏதாவது ஆச்சுன்னா கத்தறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?" என்றாள். நான் டேப் பிடித்து அளந்தேன். இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. ஷூவில் ஒரு கால் தாழ்ந்தால் என்ன செய்வோம்? இன்னொரு அடுக்கு வைப்போம். அவளை இறக்கி, மறுபடி தூக்கி, வைத்து, மறுபடி ஏற்றி அளந்தேன். நூல் பிடித்தது போல் சமம். பீன்ஸ் நறுக்கி முடித்து அவள் இறங்கினாள். இடது பக்கம் எம்பி, கார் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல, இனிமே நீ எப்பவும் இடது பக்கமே உக்காந்துக்கோ" என்றேன். அவள் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் பதில் பேசாமல் போனால் அதைச் சம்மதம் என்றே இத்தனை வருடமாக எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வியாழக்கிழமை காலை, "பொண்ணு வீட்டுக்கு வர்ற நேரத்துல இப்படியா காடு மாதிரி தலையை வச்சிருப்பீங்க?" என்று சலூனுக்குத் துரத்தினாள். அங்கே எனக்கு முன்னால் நாலு தலை. இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், மாப்பிள்ளை, சொன்னால் நம்பமாட்டீர்கள், உள்ளே யாருமே இல்லாமல் கார் மட்டமாக நிற்கிறது! புது ஷூ காலுக்குப் படிய இரண்டு நாள் ஆகும் என்பது எங்கள் பிரிவில் பாலபாடம். "பாத்தியா, சோல் படிஞ்சிருச்சு!" என்று கத்தினேன். "ஆமாமா, நல்லாப் படிஞ்சிருச்சு" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். என் வேலையை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை நம் பெண் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்து வந்தாள். முதல் வேகத்தடையில் நான் மூச்சையே பிடித்துக்கொண்டேன். சத்தமே இல்லை. மூன்றாவதில், "அப்பா, இது நம்ம கார்தானா?" என்றாள். ஏழாவதில் தூங்கியே போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் உங்கள் மாமியார் பார்த்துவிடுவாளே என்று காலி ரோட்டில் ஹாரன் அடித்து, அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஆகவே அந்த ரப்பர்களை யாரும் மாற்றக் கூடாது என்பது என் தாழ்மையான கட்டளை. உங்கள் கப்பல் இன்ஜினில் ஏதாவது கடகடவென்றால் அளவு மட்டும் எழுதி அனுப்புங்கள். பத்தாம் நம்பர் ஷூவும் ஒரு ஜோடி இருக்கிறது.

அலை ஓய்ந்து, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நீங்கள் நல்லபடி கரை சேர ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மெக்கானிக் வந்து நின்றான். "சார், வியாழக்கிழமை புது மவுண்ட் மாட்டும்போது ஸ்பானரை டிக்கியிலயே விட்டுட்டேன்."

"எந்த மவுண்ட்?" என்றேன்.

"அம்மா போன்ல அழாத குறையா கேட்டாங்களே, வெளியூர் போய் நானே எடுத்துட்டு வந்தேன். சொல்லலையா?"

உங்கள் மாமியார் சமையலறை வாசலில் நின்று விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அப்போது உள்ளே, பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் நம் பெண் சொல்வது கேட்டது: "எங்கப்பா அவர் கையாலயே செஞ்ச ரப்பர்க்கா. ஒரு குலுக்கல் இல்ல தெரியுமா?"

"அவகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க" என்றாள் உங்கள் மாமியார், மெதுவாக.

நான் சொல்லவில்லை. கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். ஊருக்கு வரும்போது நம் பெண்ணிடம் படிக்கக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் இந்தப் பி.கு.வை மட்டும் கிழித்துக் கடலில் போட்டுவிடுங்கள்.