பீரோ சாவி மலையிறங்கிய நாள்

ஓர் அலுவலகத்தைத் திருத்தப் போகிறவன் முதலில் அதன் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும். நான் பூட்டினேன்.

நாலு வருடம் நிருபராக இருந்து அரசு அலுவலகங்களின் தாமதத்தைக் கிழித்து எழுதியவன் நான். பிறகு தேர்வெழுதி வருவாய்த் துறையிலேயே சேர்ந்தேன். (கிழிபட்டவர்கள் காத்திருந்தார்கள்.) சான்றிதழ்கள் இணையவழிக்கு மாறிய புதிதில், மலைமேல் கரியாலூரில் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தை மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்காகச் சென்னையில் மூன்று நாள் பயிற்சி. ஊழியர்கள் பழைய முறைக்குத் திரும்ப வழியே இருக்கக் கூடாது என்று அங்கே ஒருவர் சொன்னார். மூன்று நாளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஊழியர்கள் மூவரையும் நிற்கவைத்து நாற்பது நிமிடம் பேசினேன். பழைய கோப்புகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஜீப் டிரைவரிடம் கொடுத்து மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்கு அனுப்பினேன். எழுத்தர் கோவிந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இனிமே பழசைப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்றேன்.

வாயை மூடிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குச் செல்லம்மாள் என்ற உள்ளூர்க்காரர் மகளோடு வந்தார். மறுநாள் காலை சேலத்தில் மகளுக்கு நர்சிங் சேர்க்கை. இருப்பிடச் சான்று இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சின்னசேலம் பஸ் மூன்று மணிக்கு.

"பத்தே நிமிஷம்மா" என்றேன்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. இரண்டு மணி நேரம் சுற்றியது. ஒயரில் தொங்கிய நெட் டாங்கிளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். பிறகு நாற்காலி மேல். பிறகு மேசை மேல்.

"இன்னா சார் தேடிக்கினு இருக்கீங்க?" என்றார் செல்லம்மாள், கீழிருந்து.

"சிக்னல்."

"எப்ப தொலைச்சீங்க?"

மகள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு, மேசை மேல் நின்றபடியே கோவிந்தனிடம் கேட்டேன். "இவங்க முன்னாடி மனு ஏதாவது குடுத்திருக்காங்களா?"

"குடுத்தாங்க சார். நீங்க சென்னையில இருந்தப்ப, வெள்ளிக்கிழமையே சான்று கையெழுத்தாயிடுச்சி."

"எங்க இருக்கு?"

பீரோவைக் கண்ணால் காட்டினார். என் உத்தரவு இன்னும் அமலில் இருந்தது.

"காலையிலயே சொல்லக் கூடாதாங்க?" என்றேன்.

"சொல்ல வந்தேன் சார். பழசைப் பத்திப் பேசக் கூடாதுன்னுட்டீங்க."

தரைவழி போனில் கள்ளக்குறிச்சியைப் பிடித்தேன். டிரைவர் சாவியோடு சாப்பிடப் போயிருந்தார். அவர் கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வருவதற்குள் பஸ் போய்விடும். செல்லம்மாள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போனார். கால் மணி நேரத்தில் கடப்பாரையோடு திரும்பி வந்தார்.

"தள்ளுங்க சார். நீங்க யோசிச்சிக்கினே இருந்தா பஸ்ஸு நிக்காது."

அரசுச் சொத்து. மகள் இப்போது கடிகாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குள் இருந்த நிருபர் தலைப்பே எழுதிவிட்டான்: 'சீர்திருத்த முதல் நாளில் பீரோ உடைப்பு'. கடப்பாரையை வாங்கினேன். மூன்று குத்தில் சுவர்க் காரை பெயர்ந்தது; பீரோ அசையவில்லை. கோவிந்தன் ஒரே நெம்பில் திறந்தார். சான்று மேல்தட்டிலேயே இருந்தது.

மகள் அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். செல்லம்மாள் வாசலில் நின்று கேட்டார்: "கடப்பாரைய வெச்சிட்டுப் போவட்டுங்களா சார்? நாளைக்கும் வேணுமே."

குரலில் கேலி இல்லை. அதுதான் குத்தியது.

மறுநாள் கோவிந்தனை உட்காரவைத்து, நான் கேட்டேன். நாற்பது நிமிடம் அவர் பேசினார். முடியாத கோப்புகள் எவை, மலையில் எந்த இடத்தில் சிக்னல் வரும், எந்த நாளில் கூட்டம் ஜாஸ்தி, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. இணையவழி ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தது. அதுவரை பீரோ திறந்தே கிடந்தது. (பூட்டவும் முடியாது.)

இதை வீட்டில் சொன்னது என் இரண்டாவது தவறு. போன மாதம், இனிமேல் எல்லோரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் போகிறோம் என்று அறிவித்தேன். என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அம்மா, நம்ம வூட்ல கடப்பாரை இருக்குல்ல?"